கூடத்தில் எட்டுப் பேர், பேச வேண்டியவர்கள் இரண்டு பேர்

சாலிகிராமம், சென்னை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவள் ஒரு சீரியலின் கதைக்குழுவில் உதவியாளராகச் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. மடிப்பாக்கத்திலிருந்து வடபழனிக்குத் தினமும் வந்து போவது லேசான காரியம் இல்லை. மெட்ரோ வேலையால் ஆற்காடு சாலையில் எந்தப் பக்கம் எப்போது திருப்பிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. கத்திப்பாரா வந்து நூறடி ரோடு வழியாகவே வரச் சொல். கதை விவாதம் முடிய ராத்திரி நேரமாகிவிட்டால் தயங்காமல் இங்கே வந்து தங்கட்டும்.

நீ கேட்டிருந்ததற்கு வருகிறேன். சீரியலில் காதலிக்கிற வரைக்கும் ஒரு ஜோடியை ஆசையாகப் பார்க்கிறோம். தாலி ஏறினதும் இரண்டு பேரும் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள். ஐந்நூறாவது எபிசோடில் அவள்தானா இவள் என்று இருக்கிறது, ஏன் என்று கேட்டிருந்தாய். உன் மகளும் இதையேதான் கேட்கிறாள் என்று எழுதியிருந்ததால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கடிதத்தை அவளிடமும் காட்டு.

சீரியல் நீளம், அதனால் இழுக்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கணக்குப் போட்டுப் பார். வாரத்தில் 6 நாள் என்றால் வருஷத்துக்குச் சுமார் 300 எபிசோடு. விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிஷம் என்பது விதிப்படி உச்சவரம்பு. அரை மணி நேரத்தில் 6 நிமிஷம் போகும். டைட்டில், முன்கதை, நாளைய காட்சி இவற்றைக் கழித்தால் கதைக்கு 20 நிமிஷம் நிற்கும். 300 எபிசோடுக்கு 6,000 நிமிஷம், அதாவது 100 மணி நேரம். இரண்டரை மணி நேரப் படம் நாற்பதுக்கு உண்டான இடம் ஒரே வருஷத்தில் கிடைக்கிறது. இரண்டு மனிதர்கள் ஒருவரை ஒருவர் மெல்ல மெல்ல அறிந்துகொள்வதைக் காட்ட இதைவிட விஸ்தாரமான இடம் வேறெங்கே உண்டு? மெட்டி ஒலி 2002 முதல் 2005 வரை ஓடியது. சிதம்பரத்துக்கு ஐந்து பெண்கள், ஐந்து கல்யாணம், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமான சிக்கல். 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோதும் ஜனங்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். அங்கே நீளம் யாரையும் சலிக்க வைக்கவில்லை.

கோளாறு முடிச்சில் இருக்கிறது. ஒரு ஜோடியைச் சேரவிடாமல் வைத்திருப்பது எது என்று முதலில் பார்க்க வேண்டும். அவர்களுடைய சுபாவமா, கடமையா, பணக் கஷ்டமா, பயமா? அல்லது யாரோ ஒளித்துவைத்த ஒரு தகவலா? தகவல்தான் முடிச்சு என்றால் இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசினால் அது அவிழ்ந்துவிடும். அவிழ்ந்தால் கதை முடிந்துவிடும். ஆகவே அந்த ஐந்து நிமிஷப் பேச்சு இருநூறு எபிசோடுக்கு நடக்கவே கூடாது. முதலில் போன் மணி அடிக்கும், அம்மா கூப்பிடுவாள், யாராவது மயங்கி விழுவார்கள். இதெல்லாம் இரண்டு மூன்று வாரம் தாங்கும். அதற்குப் பிறகு வேறு வழியில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காத முட்டாளாக நாயகனையும், சொல்ல வேண்டியதைச் சொல்லாத ஊமையாக நாயகியையும் எழுதியாக வேண்டும். முடிச்சைக் காப்பாற்ற ஆளைப் பலி கொடுப்பது என்று நான் சொல்வது இதைத்தான். நீ சொல்லும் அந்த அடையாளம் தெரியாத நிலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாரதி கண்ணம்மாவை எடுத்துக்கொள். 2019இல் ஆரம்பித்தபோது எவ்வளவு அருமையான தொடக்கம்! நிறத்தை வைத்து மட்டம் தட்டப்பட்ட ஒரு பெண், அவளை மனசாரத் தேர்ந்தெடுக்கும் ஒரு டாக்டர். பிறகு தனக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பில்லை என்று அவனை நம்ப வைக்கிறார்கள். அவள் கர்ப்பத்தைச் சந்தேகிக்கிறான். அவள் பையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பிக்கிறாள். அதுவரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம், சந்தேகம் மனித சுபாவம். ஆனால் அவன் டாக்டர். ஒரு டிஎன்ஏ பரிசோதனை எடுத்தால் தெரிந்துவிடும் என்பது வீட்டில் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கும் தெரியும். அந்தப் பரிசோதனையைத் தவிர்க்கத் தவிர்க்க, நோயாளிக்குப் பரிசோதனை எழுதித் தரும் டாக்டர் என்ற அவன் அடையாளமே உதிர்ந்துபோனது. கடைசியில் உண்மை தெரிந்து அவன் மன்னிப்புக் கேட்டபோது, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவர்கள் சேர வேண்டும் என்ற ஆசையே வற்றியிருந்தது. முடிச்சு அவிழ்ந்தது, ஆனால் யாருக்காக அவிழ்த்தார்களோ அந்தக் காதல் மிஞ்சவில்லை. நல்ல நடிகர்கள் அத்தனை பேர் உழைத்த சீரியல் என்பதால் இன்னும் அதிகமாக வலிக்கிறது.

உன் மகள் வேலை செய்யும் இடத்திலிருந்து பார்த்தால் இது எப்படி நேர்கிறது என்பதும் புரியும். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பின் ரேட்டிங் வியாழக்கிழமை வரும். நாடு முழுவதும் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளில் வைத்திருக்கும் மீட்டர்கள் சொல்லும் கணக்கு அது. ஒரு வாரம் புள்ளி இறங்கினால் ஓடிக்கொண்டிருக்கும் ட்ராக்கை, அதாவது அந்தக் கதைப் பகுதியை, பாதியில் நிறுத்தி, ஏறிய வாரத்தில் என்ன இருந்தது என்று தேடுவார்கள். அந்த வாரத்தில் கன்னத்தில் ஒரு அறை, ஒரு அழுகை, வீட்டை விட்டு வெளியேற்றம் இருந்திருக்கும். அதையே திரும்பக் கொண்டுவருவார்கள். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று பெயர்கள் பிரிந்திருக்கும். நடுவில் ஆள் மாறுவதும் உண்டு. புதிதாக வரும் வசனகர்த்தா ஐந்நூறு எபிசோடையும் திரும்பிப் பார்க்க அவகாசம் இருக்காது. நாயகிக்குக் கோபம் வந்தால் அவள் சத்தம் போடுவாளா, பேச்சை நிறுத்திவிடுவாளா என்பது அவருக்குத் தெரியாது. பொதுவான ஒரு நல்ல மருமகளை எழுதிவிடுவார். நடிகர் இருவரின் கால்ஷீட்டும் ஒரே நாளில் அமையவில்லை என்றால் அவன் வெளியூர் போய்விடுவான், அவள் போனில் பேசுவாள். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கும். எல்லாம் சேர்ந்து அந்த இரண்டு பேரைத் தின்றுவிடும்.

நிமிஷத்தை நிரப்பும் விதத்தையும் கவனித்திருப்பாய். கூடத்தில் எட்டுப் பேர் நிற்பார்கள். ஒருவர் ஒரு அதிர்ச்சியான வார்த்தை சொல்வார். எட்டு முகத்துக்கும் தலா 4 விநாடி ரியாக்‌ஷன், அதே மூன்று சுற்று. 96 விநாடி போய்விட்டது. ஒரு எபிசோடின் 20 நிமிஷத்தில் இது கிட்டத்தட்ட பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்த எட்டுப் பேரில் கணவனும் மனைவியும் இருப்பார்கள். அவர்கள் தனியாகப் பேசிக்கொள்ள இந்த 96 விநாடிகூட வாரம் முழுவதும் கிடைத்திருக்காது.

ஜோடி சேர்ந்துவிட்டால் பார்ப்பவர்களுக்கு ஆர்வம் போய்விடும் என்று கதை விவாதத்தில் யாராவது சொன்னால் உன் மகள் பேசாமல் இருக்கக் கூடாது. உலகம் முழுக்க இதற்கு உதாரணமாக மூன்லைட்டிங் என்ற அமெரிக்கத் தொடரைச் சொல்வார்கள். 1985 முதல் 1989 வரை ஓடியது. சிபில் ஷெப்பர்டும் புரூஸ் வில்லிஸும் நடித்தது. 1987இல் கதையில் அவர்கள் சேர்ந்தார்கள், பிறகு தொடர் சரிந்தது, ஆகவே சேர்த்ததுதான் தப்பு என்பது அந்த வாதம். நடந்ததைப் பார்த்தால் வேறு. ஷெப்பர்டுக்கு அந்த வருஷம் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. வில்லிஸ் டை ஹார்ட் படப்பிடிப்புக்குப் போய்விட்டார். அடுத்த பருவத்தில் இரண்டு பேரும் ஒரே ஃப்ரேமில் வரும் காட்சிகளே குறைந்துபோயின. தொடரை உருவாக்கிய கிளென் கார்டன் கேரனும் விலகினார். 1988இல் எழுத்தாளர் வேலைநிறுத்தம் வேறு. சேர்ந்தவர்களைச் சேர்ந்து காட்ட முடியாமல் போனதுதான் அந்தத் தொடரைத் தள்ளியது என்பேன்.

நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. 2023இல் தொடங்கிய சிறகடிக்க ஆசையில் முத்துவும் மீனாவும் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள் கிடையாது. மாப்பிள்ளையாக வர வேண்டிய அண்ணன் மனோஜ் ஓடிப்போனதால் அந்த இடத்தில் முத்து உட்கார்ந்தான். ஆரம்பத்தில் முட்டல் மோதல். அதற்குப் பிறகு என்ன ஆனது பார். அவர்கள் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அந்த வீட்டில் அவர்களுக்குத் தனி அறை கிடையாது. மாடியில் ஒரு அறை கட்டிக்கொள்வது ஒரு பெரிய கனவு. கார் ஓட்டிச் சம்பாதிப்பவன், பூ விற்றுச் சம்பாதிப்பவள். இந்தக் காசை எதற்குச் செலவழிக்கலாம் என்று இரண்டு பேரும் பேசும் காட்சியில் இருக்கும் நெருக்கம், மழையில் நனைந்து எடுத்த பாட்டுக் காட்சி எதிலும் வராது. ஜோடி ஒற்றுமையாக இருந்தும் ரேட்டிங்கில் அந்தச் சீரியல் முன்னாலேயே நின்றது. அதில் சலிப்புத் தட்டிய இடம் எது என்று கேட்டால், மனோஜைக் கட்டிக்கொண்ட ரோகிணியின் ரகசியம் மாட்டிக்கொள்ளப் போகிறது, மாட்டவில்லை என்ற அந்தச் சுற்றுதான். மறுபடியும் தகவல் முடிச்சு.

பாண்டியன் ஸ்டோர்ஸ் கதிர், முல்லை விஷயமும் அப்படித்தான். வேண்டா வெறுப்பாக ஆரம்பித்த கல்யாணம் நிதானமாகக் காதலாகக் கனிந்தது. முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் இறந்த பிறகு அந்த வேடத்தில் அடுத்தடுத்து வேறு இருவர் நடித்தார்கள். ஈடு செய்ய முடியாத இழப்பு அது. ஆனாலும் முல்லை எதற்குச் சிரிப்பாள், எதற்கு விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று எழுத்தில் தெளிவாக இருந்ததால் அந்த ஜோடி நின்றது. பாத்திரம் கெட்டியாக இருந்தால் ஆள் மாறினாலும் ஜனங்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

எனக்குப் பொறுக்கவே முடியாத ஒன்று உண்டு, கட்டாயத் தாலி. அவள் மறுத்துக்கொண்டிருக்கும்போதே கோயிலில் கழுத்தில் கட்டிவிடுவான், அல்லது மயக்கத்தில், அல்லது ஆள் மாறாட்டத்தில். அடுத்த நூறு எபிசோடில் அதையே காதலாக்கிக் காட்டுவார்கள். ‘தாலி ஏறிடுச்சு, இனி என்ன பண்ண முடியும்’ என்று அவளுடைய அம்மாவே சொல்வாள். என்ன பண்ண முடியும் என்று 1955ஆம் வருஷ இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இருக்கிறது. பலவந்தமாகவோ ஏமாற்றியோ சம்மதம் பெறப்பட்ட கல்யாணத்தை, அந்தக் கட்டாயம் நீங்கிய அல்லது ஏமாற்று தெரியவந்த ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டு ரத்து செய்யலாம். அதற்குப் பிறகு அவள் முழு மனதோடு அவனோடு வாழ்ந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். சுயமரியாதைத் திருமணங்களுக்காக 1967இல் நம் மாநிலம் சேர்த்த 7-ஏ பிரிவைப் பார்த்தாலும், இருவரும் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதுதான் கல்யாணம். தாலி அதைக் காட்டும் வழிகளில் ஒன்று. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குடும்ப நல நீதிமன்றத்துக்கு ஒரு நாயகி போவதை எழுதினால், அதிலேயே ஐம்பது எபிசோடு இருக்கிறது. போகலாமா வேண்டாமா என்று அவள் யோசிப்பதும், அந்த ஒரு வருஷக் கெடு ஓடுவதும், அவன் தன் தப்பை உணர்கிறானா இல்லையா என்பதும் உண்மையான கேள்விகள். அதன் முடிவில் அவள் தானே தேர்ந்து அவனிடம் வந்தால் அதைக் காதல் என்று ஒப்புக்கொள்வேன். பார்க்கும் பிள்ளைகள் எதைக் காதல் என்று கற்றுக்கொள்கிறார்கள் என்ற கவலை எனக்கு நிஜமாகவே இருக்கிறது, வசந்தி.

நினைவு மறதி, இரட்டை வேடம், பத்து வருஷத் தாவல் இவற்றைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. தாவல் மட்டும் சில சமயம் உதவும், பழைய முடிச்சை மூடிவிட்டுத் தாவினால். அதே முடிச்சோடு தாவினால் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள், பெரியவர்கள் அப்படியே நிற்பார்கள்.

பாக்கியலட்சுமி பற்றி நீ கோபமாக எழுதியிருந்தாய். 2020இலிருந்து 2025 வரை அந்தச் சீரியல் நமக்குக் கொடுத்த வாக்கு ஒன்று இருந்தது: வீட்டு வேலையிலேயே கரைந்துபோன ஒரு பெண் தன் சமையலை வைத்து நிமிர்வாள் என்று. வங்காளத்து ஸ்ரீமொயி சீரியலிலிருந்து வந்த கதை என்றாலும், பாக்கியாவாக நடித்த சுசித்ரா அவளை நம் வீட்டுப் பெண்ணாக்கினார். கணவன் கோபி இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட ராதிகாவையும் வெறும் வில்லியாக எழுதாமல் ஏமாற்றப்பட்ட இன்னொரு பெண்ணாகக் காட்டியது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் கோபி வரும் காட்சிகளுக்கு வரவேற்பு அதிகம் என்று தெரிந்ததும், விவாகரத்துக்குப் பிறகும் கதை அவரைச் சுற்றியே திரும்பத் திரும்ப வந்தது. ஆங்கில வகுப்பில் பழக்கமான பழனிசாமியோடு பாக்கியா பேசும் காட்சிகளில் எவ்வளவு கண்ணியம்! சமவயதுக்காரர் ஒருவர் அவளை மதித்துப் பேசுகிறார், அவள் சிரிக்கிறாள். அது காதலாக வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. அந்த நட்புக்கு உரிய இடம் கொடுத்திருக்கலாம். உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

இனி உன் மகளுக்கு. முதல் மாதமே ஒரு நோட்டுப் போடச் சொல். ஒரு பக்கத்தை நான்கு கட்டமாகப் பிரிக்க வேண்டும்: ரகசியம் என்ன, யார் யாருக்குத் தெரியும், எந்த எபிசோடில் தெரிந்தது, தெரிந்தும் ஏன் சொல்லவில்லை. நான்காவது கட்டம்தான் முக்கியம். சொன்னால் வாழ்க்கை போய்விடும் என்பது காரணம்; ரோகிணிக்கு அது இருந்தது, அதனால் அவள் மௌனத்தை நம்பினோம். சொல்ல வந்தபோது போன் வந்துவிட்டது என்பது காரணம் ஆகாது. கட்டத்தில் அப்படி எழுதும்படி ஆனால் அந்த ட்ராக் பழுது என்று விவாதத்தில் சொல்லிவிடலாம். இன்னொன்றையும் கவனிக்கச் சொல். ரகசியம் பழையதாவதால் கெடுவதில்லை, தெரிந்தவர்கள் கூடக் கூடத்தான் கெடுகிறது. மூன்றாவது ஆளுக்குத் தெரிந்து அவரும் வாயை மூடிக்கொண்டால் பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை போய்விடும். மூன்றாமவர் தெரிந்துகொள்வதற்குள் அது உடைய வேண்டும்.

பாத்திரத்துக்குப் பத்து வரி எழுதி வைக்கட்டும். கோபம் வந்தால் என்ன செய்வாள், பொய் சொன்னால் எப்படி மாட்டிக்கொள்வாள், யாரிடம் கடன் கேட்பாள், எதை மன்னிக்கவே மாட்டாள், இப்படி. வசனகர்த்தா மாறினால் அந்தப் பத்து வரி அவர் கைக்குப் போக வேண்டும்.

நாயகியின் வேலை ஏன் காணாமல் போகிறது என்பதற்கும் ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. கூடத்து செட்டில் பகல் 11 மணிக்குப் பெரிய சண்டை வைக்கிறார்கள். அந்த நேரத்தில் பாங்க்கில் இருக்க வேண்டியவள் வீட்டில் நின்றாக வேண்டும். இரண்டு மூன்று முறை லீவு என்பார்கள். அதற்கப்புறம் வேலையையே மறந்துவிடுவார்கள். குடும்பச் சண்டைகளைக் காலை 7 மணிக்கும் ராத்திரி 8 மணிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் தள்ளினால் போதும், செட்டும் மாறாது, அவள் வேலையும் போகாது. அவசரமாகக் கிளம்பும்போது சண்டை நடப்பது நம் வீடுகளில் எப்போதும் நடப்பதுதான்.

எல்லாவற்றையும்விட நான் ஆசைப்படுவது வாரத்துக்கு ஒரு காட்சி. கணவனும் மனைவியும் மட்டும், 3 நிமிஷம், மூன்றாவது ஆள் கதவைத் தட்டக் கூடாது. வாரத்தின் 120 நிமிஷத்தில் இது நாற்பதில் ஒரு பங்குதான். தயாரிப்பு நிர்வாகியிடம் இதை ஒத்துக்கொள்ள வைப்பதும் சுலபம். இரண்டு ஆர்ட்டிஸ்ட், ஒரு அறை, லைட்டிங்கை மாற்றாமல் எடுத்துவிடலாம். எட்டுப் பேரை நிறுத்தி முகம் முகமாக எடுப்பதைவிடச் சீக்கிரம் முடியும். எழுதும்போதுதான் தவறும். ‘நீ என்னைப் புரிஞ்சுக்கவே இல்ல’, ‘நான் உனக்காக என்ன வேணா செய்வேன்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் முதல் நிமிஷத்திலேயே தீர்ந்துவிடும். பேச ஒரு விஷயம் வேண்டும். வாடகை வீட்டு அட்வான்ஸ், சீட்டுப் பணம், அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அவனுக்கு வந்திருக்கும் ராத்திரி ஷிஃப்ட். காட்சி முடியும்போது ஒரு சின்ன முடிவு எடுத்திருக்க வேண்டும், அது அடுத்த வாரம் ஏதோ ஒன்றை மாற்ற வேண்டும். அவர்கள் ஒத்துப்போகவே வேண்டும் என்பதும் இல்லை. அவள் அம்மாவை இங்கே கூட்டிவரலாம் என்று அவள் சொல்லி, அவன் தயங்கி, தயங்கியதற்குக் காரணத்தை மறைக்காமல் சொன்னால் அங்கேயே அடுத்த ஒரு மாதத்துக்குக் கதை இருக்கிறது. அந்தத் தடை அவர்களுக்குள்ளிருந்து வந்தது. எவ்வளவு பேசினாலும் ஒரே நாளில் தீராது, பேசப் பேச ஆழமாகும்.

புதியவள் என்பதால் முதலில் இதெல்லாம் எடுபடாமல் போகலாம். முழு ட்ராக்கையும் மாற்றச் சொல்லி வாதாட வேண்டாம். சனிக்கிழமை எபிசோடுக்கு முன்பாக அப்படி ஒரு காட்சியைச் சீன் ஆர்டரில் நுழைக்கப் பார்க்கட்டும். ஜனங்கள் அதைத் தனியாக வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு அவர்களே அடுத்ததைக் கேட்பார்கள்.

வேறு செய்தி, உன் தம்பி பெண்ணுக்கு வரன் தகைந்ததா? தேதி குறித்ததும் சொல். அண்ணாவுக்கு என் வணக்கம். முட்டிவலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை நிறுத்திவிடாதே. பெரியவள் வரும்போது நீ போட்ட எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
கலா